பழம்பாடலை விளக்குதல்: செய்யுள் வினாக்களுக்கு விடை எழுதத் தொடங்குவோருக்கு

பள்ளித் தேர்வில் செய்யுள் பகுதியில் வரும் வினாக்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். பாட்டில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்பவை ஒரு வகை. அது ஏன் அப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது, அப்படிச் சொன்னதால் என்ன விளைகிறது என்று கேட்பவை மற்றொரு வகை. முதல் வகைக்கு உரையைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் வகைக்கு அது போதாது. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள்: பாட்டை இக்காலத் தமிழில் திருப்பிச் சொல்லி, 'இவ்வாறு புலவர் மிக அழகாகப் பாடியுள்ளார்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தப் பாட்டின் கீழும் எழுதிவிட முடியும் என்பதாலேயே அதற்கு மதிப்பு இல்லாமல் போகிறது.

விளக்கம் என்பது பாட்டைப் பற்றி நாம் முன்வைக்கும் ஒரு கூற்று. அந்தக் கூற்றுக்குச் சான்று பாட்டின் சொற்களில் இருக்க வேண்டும். அந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்கு எவ்வாறு வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். இம்மூன்றில் நடுவிலுள்ளது இல்லையென்றால் அது வெறும் அபிப்பிராயம். மூன்றாவது இல்லையென்றால் அது வெறும் மேற்கோள். இந்த அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

பாட்டை நோக்கி வினா எழுப்பி விடை காணும் முறை தேர்வுகளோடு வந்ததன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் உரையின் இயல்புகளைப் 14 வகையாகக் கூறுகிறது. பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம் ஆகியவற்றோடு வினா, விடை ஆகியனவும் அந்தப் பட்டியலில் உள்ளன. பரிமேலழகர் போன்ற உரையாசிரியர்களைப் படிக்கும்போது, அவர்கள் எழுதியிருப்பது பல இடங்களில் எழுதப்படாத ஒரு வினாவுக்கான விடை என்பது புலப்படும். 'இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தார்' என்று யாரோ கேட்டதாகக் கொண்டு அவர்கள் பேசுகிறார்கள். மாணவர் செய்ய வேண்டியதும் அதே வேலைதான்; அளவுதான் சிறியது.

சொல்லைப் பிரிப்பதில் தொடங்குதல்

பழம்பாடல்கள் யாப்புக்கு ஏற்பச் சீர்களாக அச்சிடப்பட்டிருப்பதால் சொற்கள் நடுவில் உடைந்தும் ஒன்றோடொன்று ஒட்டியும் கிடக்கும். அவற்றைப் பொருளுக்கு ஏற்பப் பிரித்து எழுதிக்கொள்ளாமல் விளக்கத்தில் இறங்கினால் தொடக்கமே தவறிவிடும். குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்வோம், பாடியவர் தேவகுலத்தார்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல்முறை படிப்பவர் 'உயர்ந்தன்று' என்பதை 'உயர்ந்தது அன்று' என்று எதிர்மறையாக எடுத்துக்கொள்வது மிகவும் இயல்பு. அப்படிக் கொண்டால், வானைவிட உயர்ந்ததில்லை என்று தலைவி தன் நட்பைத் தானே குறைத்துச் சொல்வதாக ஆகிவிடும். உண்மையில் அது 'உயர்ந்தது' என்னும் பொருள் தரும் பழைய வினைமுற்று வடிவம். அடுத்த அடியில் உள்ள 'ஆரளவின்றே' என்பதும் அதே வகையைச் சேர்ந்தது. கடல்நீரைக் காட்டிலும் அளத்தற்கரிய ஆழம் உடையது என்பது பொருள். இந்த இரண்டு வடிவங்களைச் சரியாகப் புரிந்துகொண்ட பிறகுதான் பாட்டைப் பற்றி எதையும் சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. அகரமுதலியையும் உரையையும் பார்ப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பார்க்காமல் ஊகிப்பதில்தான் இடர் இருக்கிறது.

சொற்பொருள் தெளிந்தவுடன் வாக்கியத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழம்பாடலின் நயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இப்பாடல் முழுவதும் ஒரே வாக்கியம். பெரியது, உயர்ந்தது, ஆழமானது என்று பயனிலைகள் மூன்றும் முதலில் வந்துவிடுகின்றன. எது அப்படி என்பதற்கான எழுவாய் கடைசிச் சொல்லில்தான் கிடைக்கிறது. 'நட்பே' என்னும் சொல் வரும் வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். நிலம், வான், கடல் என்னும் மூன்று பெரும் அளவுகளுக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையில் கரிய காம்புடைய குறிஞ்சிப் பூவும் அதிலிருந்து தேனடை கட்டும் வண்டும் வருகின்றன. அளக்க முடியாதவற்றுக்குப் பின்னால் மிகச் சிறிய, பொறுமையான ஒரு வேலை காட்டப்படுகிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய புலமை வேண்டியதில்லை. அடிகளின் வரிசையைக் கவனித்தால் போதும்.

யார், யாரிடம், எந்த நிலையில்

அகப்பாடல்களில் புலவர் நேரடியாகப் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி, பரத்தை என்று யாரோ ஒருவர் பேசுகிறார். ஆண்பாற் புலவரான கபிலர் தலைவியின் குரலில் பாடியிருக்கிறார். ஆகவே 'இப்பாடலில் கபிலர் தன் வருத்தத்தைக் கூறுகிறார்' என்று எழுதினால் அடிப்படையே பிழையாகிவிடும். பேசுபவர் யார் என்று பாடலின் கீழுள்ள கூற்றுக்குறிப்பு சொல்லும். அக்குறிப்புகள் பாடல்களைத் தொகுத்த காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. எனினும் பள்ளி அளவில் அவற்றை ஏற்றுக்கொண்டு படிப்பதே முறை.

மேலே கண்ட பாடலின் கூற்றுக்குறிப்பைப் பாருங்கள். தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்கிறான். அவன் காலம் கடத்தாமல் மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனுடைய இயல்பைப் பழித்துப் பேசுகிறாள். அதற்கு மறுமொழியாகத் தலைவி அவனை உயர்த்திச் சொல்கிறாள். இதைத் தெரிந்துகொண்டதும் அந்த நான்கு அடிகளின் எடை மாறிவிடுகிறது. தோழி எதிரே இருக்கிறாள். தலைவன் மறைவில் கேட்டுக்கொண்டிருக்கிறான். தோழிக்குச் சொன்ன மறுப்பு அவனுக்கு ஒரு பொறுப்பாகச் சென்று சேர்கிறது. நிலத்தையும் வானையும் கடலையும் விஞ்சியது என்று ஒருத்தி தன் நட்பைச் சொல்வதைக் கேட்டபின், அவன் மணத்தைத் தள்ளிப்போட என்ன காரணம் சொல்ல முடியும்? புகழ்ச்சி இங்கே வற்புறுத்தலாகவும் இருக்கிறது. 'தலைவி தலைவன்மீது கொண்ட அன்பின் பெருமையை விளக்குக' என்னும் வினாவுக்கு இதை இரண்டு வாக்கியங்களில் எழுதிவிடும் மாணவரின் விடை மற்ற விடைகளிலிருந்து உடனே தனித்துத் தெரியும்.

திணையும் இவ்வாறே பயன்பட வேண்டும். தொல்காப்பியம் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்தின் பறவை, விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள், புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியனவும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். மாணவர்கள் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, வினா எதுவாக இருந்தாலும் விடையின் தொடக்கத்தில் கொட்டிவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. கருப்பொருளாக வந்த ஒரு பறவையோ பூவோ உரிப்பொருளுக்கு என்ன செய்கிறது என்று சொல்வதுதான் விளக்கம்.

கபிலரின் குறுந்தொகைப் பாடல் ஒன்று (25) இதற்கு நல்ல பயிற்சி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவன் மணத்தை நீட்டித்துக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே வேறு எவரும் இல்லை. அவன் சொன்ன சொல்லை அவனே பொய்யாக்கிவிட்டால் தான் என்ன செய்வது என்று கேட்கிறாள். பிறகு ஒரு குருகு இருந்தது என்கிறாள். தினையின் தாளைப் போன்ற மெல்லிய பசிய கால்களை உடைய அது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'இப்பாடலில் குருகு எதற்காகக் குறிப்பிடப்படுகிறது?' என்று வினா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'குருகு சாட்சியாக இருந்தது' என்பது பாதி விடை. பாடல் அந்தக் குருகுக்கு 'ஆரல் பார்க்கும்' என்று ஓர் அடைமொழி கொடுத்திருக்கிறது. அதன் கண் மீன்மேல் இருந்தது, இவர்கள்மேல் இல்லை. இருந்த ஒரே சாட்சியும் பார்க்காத சாட்சி. பார்த்திருந்தாலும் வாய் திறந்து சொல்ல முடியாத சாட்சி. 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்று ஒன்றைக் கண்டுபிடித்து மீள்வதால் அவளுடைய தனிமை குறையவில்லை, கூடுகிறது. விடையை இதுவரை கொண்டுவந்துவிட்டால் முழு மதிப்பெண்ணுக்குரிய விளக்கம் அது.

இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். அசையாமல் நின்று இரையை நோக்கும் குருகு, தன் நலத்தை மட்டும் எண்ணிய தலைவனின் சாயலைக் காட்டுகிறது என்று சொல்லலாம். இந்த இரண்டாவது கருத்து முதலாவதைப் போல உறுதியானதன்று. முதலாவதைப் பாடலின் சொற்களே சொல்கின்றன. இரண்டாவது குறிப்பாக உணரத்தக்கது. விடையில் அந்த வேறுபாடு தெரியும்படி எழுத வேண்டும்: முதலாவதை 'காட்டுகிறது' என்று முடிக்கலாம், இரண்டாவதை 'என்றும் கொள்ளலாம்' என்று முடிக்கலாம். தமிழ் மரபு கருப்பொருளின்வழி வேறொரு பொருளைப் பெறவைப்பதை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்துப் பேசுகிறது. ஆனால் அப்பெயர்களை இடம் தெரியாமல் பயன்படுத்துவதைவிட, என்ன குறிப்புக் கிடைக்கிறது என்று எளிய சொற்களில் எழுதுவது மேல்.

ஐந்து அடிகளில் ஓர் இழப்பு

புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள 112ஆம் பாடல் பள்ளி மாணவர் பலரும் சந்திக்கும் பாடல். திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்தும் நிலை. சற்று நின்று பார்க்கத்தக்க பாடல் இது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

பின்னணியில் எது தேவை, எது தேவையில்லை என்று முதலில் பிரித்துக்கொள்வோம். பாரி பறம்புமலைக்குத் தலைவன், வேந்தர்கள் முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான், மலை அவர்கள் கைக்குப் போயிற்று. இவ்வளவு தெரிந்தால் பாடலைப் படிக்கலாம். முல்லைக்குத் தேர் ஈந்த கதையையும் கபிலரின் நட்பையும் விடை முழுவதும் எழுதிவிட்டுப் பாடலை ஒரு வரியில் முடித்துவிடும் விடைத்தாள்கள் மிகுதி. கேட்கப்பட்டது பாடலைப் பற்றி என்பது அவற்றில் மறந்துபோகிறது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும் பிற்கால வழக்கிலிருந்து வருபவை. புறநானூற்றுக் குறிப்பு பாரி மகளிர் என்று மட்டுமே சொல்கிறது.

இனி அடிகளைப் பார்ப்போம். முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒரே அச்சில் வார்த்தவை. 'அற்றை' என்பது 'இற்றை' ஆகிறது, 'அவ்' என்பது 'இவ்' ஆகிறது. மற்றவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அன்றும் அதே வெண்ணிலவு, இன்றும் அதே வெண்ணிலவு. நிலவு மாறவில்லை என்பதைப் பாடல் கூறவில்லை; சொற்களை மாற்றாமல் வைத்ததன் மூலம் உணர்த்துகிறது. மாறாத அந்த அடிகளுக்கு இடையில் மாறிவிட்டது எது என்பது தானாகவே உறைக்கிறது.

அடுத்து வரிசையைக் கவனிக்க வேண்டும். அன்றைய நிலையைச் சொல்லும்போது தந்தை முதலில் வருகிறார், குன்று பிறகு வருகிறது: எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார். இன்றைய நிலையைச் சொல்லும்போது குன்று முன்னே வந்துவிடுகிறது, தந்தை கடைசிக்குப் போகிறார்: எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே. இந்தத் தலைகீழ் வைப்பினால் பாடல் 'எந்தையும் இலமே' என்னும் இன்மையில் வந்து நிற்கிறது. நாடு போனதைச் சொல்லிவிட்டு, அதைவிடப் பெரிய இழப்பைச் சொல்லக் குரல் இறுதிவரை தயங்குவது போல ஓர் உணர்வு இதில் இருக்கிறது. 'போல' என்று எழுதியதைக் கவனியுங்கள். தயக்கம் என்பது நான் கேட்கும் தொனி, வரிசை மாறியிருப்பது யார் பார்த்தாலும் தெரியும் உண்மை. முன்னதைப் பின்னதன்மேல் நிறுத்த வேண்டும்.

மூன்றாவதாக, 'வென்றெறி முரசின் வேந்தர்' என்னும் தொடர். வென்று முழக்கும் முரசினை உடைய வேந்தர் என்று பகைவரைப் பாடல் சிறப்பிப்பதாக மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் வேந்தர்கள் தனித்தனியே பொருது வெல்ல முடியாமல் கூடி வஞ்சித்தே பாரியைக் கொன்றனர் என்பது மரபுச் செய்தி. புறநானூற்றின் பழைய உரை அதைக் கொண்டு இத்தொடரை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது. வெற்றியே இல்லாத இடத்தில் வெற்றி முரசைச் சொல்வதால் புகழ்மொழி எதிர்ப்பொருள் தருகிறது. இந்தப் பாடலில் சினம் எங்கேனும் இருக்கிறதென்றால் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பாடலில் துயரைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அழுதோம் என்று இல்லை, வருந்துகிறோம் என்று இல்லை, ஐயோ என்று இல்லை. பாரி இறந்தான் என்றுகூட இல்லை. 'எந்தையும் இலமே' என்பதோடு நின்றுவிடுகிறது. ஆகவே 'பாரி மகளிர் கண்ணீர் விட்டு அழுதனர்' என்று விடையில் எழுதினால் பாடலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். அதைவிடப் பெரிய குறை, பாடல் வேண்டுமென்றே விட்டுவைத்த அமைதியை நாமே நிரப்பிவிடுகிறோம். பாடலில் என்ன இல்லை என்று பார்ப்பதும் படிப்பின் ஒரு பகுதிதான், சொல்லித்தரப்படுவது குறைவு.

'இப்பாடலில் கையறுநிலை எவ்வாறு வெளிப்படுகிறது?' என்னும் வினாவுக்கு வழக்கமாக வரும் விடை இப்படி இருக்கும்: 'பாரி இறந்ததால் அவர் மகளிர் மிகுந்த துயரம் அடைந்தனர். தந்தையையும் மலையையும் இழந்து வாடினர். இத்துயரத்தை மிக உருக்கமாகப் பாடியுள்ளனர்.' இதில் தவறான செய்தி இல்லை. ஆனால் 'எவ்வாறு' என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதே நீளத்தில் இப்படி எழுதலாம்: 'துயரைக் குறிக்கும் சொல் எதையும் பயன்படுத்தாமலே இப்பாடல் இழப்பை உணர்த்துகிறது. அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள் எனத் தொடங்கும் இரண்டு அடிகளும் ஒரே வடிவில் அமைந்து, நிலவு மாறாதிருக்கத் தம் வாழ்வு மாறியதைக் காட்டுகின்றன. முன்பகுதியில் முதலில் வந்த தந்தை பின்பகுதியில் இறுதிக்குச் சென்று, இலமே என்னும் சொல்லோடு பாடல் முடிவதால், மலையை இழந்ததிலும் தந்தையை இழந்ததே மேலோங்கி நிற்கிறது.' இரண்டாவது விடைக்குக் கூடுதல் செய்தி எதுவும் தேவைப்படவில்லை. பாடலிலுள்ள அடிகளே போதுமானவையாக இருந்தன.

குறளும் உரையும்

திருக்குறளில் பேசுபவர் யார் என்னும் சிக்கல் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் பெரிதாக எழுவதில்லை. இன்பத்துப்பாலில் எழும்; அங்கே அகப்பாடலுக்குச் சொன்னதே பொருந்தும். குறளுக்குரிய சூழலை அதிகாரம் தருகிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' என்னும் குறளில் மயில் இறகும் வண்டியும் அச்சும் மட்டுமே உள்ளன. சொல்ல வந்த கருத்து வெளிப்படையாக எங்கும் இல்லை. அது வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான், எளியவர்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் வலியவனும் அவர்கள் ஒன்றுசேரும்போது முறிந்துபோவான் என்னும் பொருள் வந்து சேரும். பிறிது மொழிதல் அணிக்கு இது வழக்கமான எடுத்துக்காட்டு. அணியின் பெயரோடு அதிகாரத்தின் பெயரையும் விடையில் குறிப்பிடாவிட்டால் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையில் ஆதாரமே இராது.

உரையாசிரியர் சொன்னதை மறுக்கலாமா என்னும் ஐயம் மாணவர்களுக்கு உண்டு. மறுக்கலாம், சான்றோடு. 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்' என்னும் குறளில் 'கேட்ட' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர், பெண் இயல்பால் தானாக அறியாமையின் அவ்வாறு கூறினார் என்று காரணம் சொல்கிறார். இக்காலத்தில் பலரும் இதை ஏற்பதில்லை. ஏற்காததற்கு 'இது பழைய கருத்து' என்பது மட்டும் இலக்கிய விடையாகாது. தாய்க்கு அறிவில்லை என்பதற்குக் குறளில் எந்தச் சொல்லும் இடம் தரவில்லை என்பது ஒரு காரணம். தன் மகனைத் தானே சான்றோன் என்று எண்ணுவதைவிடப் பிறர் வாயால் அப்படிக் கேட்கும்போது மகிழ்ச்சி பெருகும் என்பதற்கு 'கேட்ட' என்னும் சொல்லே போதும் என்பது மற்றொரு காரணம். 'பெரிதுவக்கும்' என்று குறள் உவகையின் அளவைப் பற்றிப் பேசுவதால் இந்த இரண்டாவது பொருள் அதனோடு இயைந்தும் வருகிறது. ஒரு விளக்கத்தை ஏற்பதும் தள்ளுவதும் இந்த வகையில்தான் நடக்க வேண்டும்: எது பாடலின் சொற்களில் கூடுதலானவற்றோடு ஒத்துப்போகிறதோ அதற்கே வலிமை.

இதனால், 'இலக்கியத்தில் எந்த விடையும் சரிதான்' என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லா விடையும் சரியாக இருக்க முடியாது.

அணியும் நயமும்

'இவ்வடிகளில் பயின்றுவரும் அணியை விளக்குக' என்னும் வினாவுக்கு அணியின் இலக்கணம், சான்று, பொருத்தம் என்னும் மூன்றும் வேண்டும். முதலிரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைமேல் உள்ள கொடிகள், 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று ஓர் அடி வருகிறது. கொடி காற்றில் அசைவது இயல்பு. 'வர வேண்டாம்' என்று கைகாட்டித் தடுப்பதாகப் புலவர் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். ஆகவே தற்குறிப்பேற்ற அணி. இத்துடன் நிறுத்தாமல், கோவலன் அந்த நகரில் கொலைப்படப் போகிறான் என்பதைக் காப்பியம் அறியும், அவன் அறியான் என்பதையும் எழுத வேண்டும். இந்த அடியை வேறு எந்த நகரின் வாயிலிலும் வைத்திருக்க முடியாது. அணி அங்கே ஏன் வந்தது என்பதற்கு விடை அதுதான்.

'நயம் பாராட்டுக' என்னும் வினாவில்தான் விடைகள் மிகவும் இயந்திரத்தனமாகிவிடுகின்றன. எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்புகளை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சொற்களை எடுத்து எழுதினால் ஏதோ மதிப்பெண் கிடைக்கத்தான் செய்யும். தேர்வு நெருக்கடியில் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் எதுகை இருக்கிறது என்பது செய்தி மட்டுமே. கம்பர் மருத நிலத்தைப் பாடும் செய்யுள் ஒன்றைப் பாருங்கள்.

தண்டலை மயில்கள் ஆடத் தாமரை விளக்கம் தாங்கக்
கொண்டல்கள் முழவின் ஏங்கக் குவளைகண் விழித்து நோக்கத்
தெண்திரை எழினி காட்டத் தேம்பிழி மகர யாழின்
வண்டுகள் இனிது பாட மருதம்வீற் றிருக்கும் மாதோ.

தண்டலை, கொண்டல்கள், தெண்திரை, வண்டுகள் என்று நான்கு அடிகளிலும் எதுகை இருக்கிறது. அதைக் காட்டிய பிறகு வினைகளைப் பாருங்கள்: ஆட, தாங்க, ஏங்க, நோக்க, காட்ட, பாட. ஆறும் எச்சங்கள், முடியாமல் நிற்பவை. அவை அனைத்தும் 'வீற்றிருக்கும்' என்னும் ஒரே முற்றில் போய் முடிகின்றன. ஆடுபவர், விளக்கேந்துபவர், முழவு ஒலிப்பவர், திரை காட்டுபவர், பாடுபவர் என எல்லோரும் தத்தம் வேலையில் இருக்க, நடுவில் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் அவையின் ஒழுங்கு அந்த வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓசை நயத்தைப் பேசும்போது, அடிதோறும் ஒரே இடத்தில் ஒலிக்கும் 'ண்' அந்த அணிவகுப்புக்குத் தாளம் போடுகிறது என்று சேர்த்து எழுதினால், எதுகை என்னும் தலைப்பு பொருளோடு ஒட்டிக்கொள்ளும்.

படிக்காத பாடல் வந்தால்

சில தேர்வுகளில் பாடநூலில் இல்லாத பாடலைக் கொடுத்து வினா எழுப்புவார்கள். அங்கே மனப்பாடம் உதவாது; இதுவரை சொன்ன வழி உதவும். வினைமுற்று எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அது கிடைத்தால் எழுவாயும் எச்சங்களும் தத்தம் இடத்தில் அமைந்துவிடும். பிறகு பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பாட்டிலுள்ள தன்மை, முன்னிலைச் சொற்களைக் கொண்டு ஊகிக்க வேண்டும். யான், யாம், எம், நீ, நும் போன்ற சிறு சொற்கள் இதற்குப் பெரிதும் துணை செய்யும். அவற்றை விட்டுவிட்டு உவமைக்கு ஓடுவதுதான் வழக்கமான பிழை. திரும்ப வரும் சொல் எது, எதிர்பாராத இடத்தில் வரும் சொல் எது என்று குறித்துக்கொண்டால் விளக்கத்துக்கான பிடி கிடைத்துவிடும்.

பொருள் தெரியாத சொல் ஒன்று நடுவில் நின்றால், அதைப் பற்றித் துணிந்து எதையும் சொல்லாமல், தெரிந்த சொற்களைக் கொண்டு விடையை அமைக்கலாம். குறுவினாவுக்கு முதல் வாக்கியத்திலேயே நேரான விடையை எழுதிவிட வேண்டும். முன்னுரையாகப் புலவரின் வரலாறு தேவையில்லை. அடுத்து, பாடலிலிருந்து இரண்டு மூன்று சொற்களை மட்டும் மேற்கோளாக எடுக்க வேண்டும். முழு அடியையும் பெயர்த்து எழுதினால் அதில் எந்தச் சொல்லைச் சான்றாகக் காட்டுகிறோம் என்பது திருத்துபவருக்குத் தெரியாது. நெடுவினாவில் இதே அமைப்பு பத்திதோறும் ஒருமுறை வரும், அவ்வளவுதான். ஒரு பத்திக்கு ஒரு கூற்று என்று வைத்துக்கொண்டால் எழுதும்போதே எந்தப் பத்தியில் சான்று இல்லை என்பது கண்ணில் பட்டுவிடும். அந்தப் பத்தியை நீட்டுவதைவிட அடித்துவிட்டு, சான்றுள்ள வேறொன்றை எழுதுவது நல்லது.